மட்டக்களப்புக்கு மின்சாரப் பஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பின் பஸ் சேவையை டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாற்ற வேண்டும் என்று பேச்செடுத்தால் பயணிகள் ஒரு விதமாகக் கேட்கிறார்கள், பஸ் உரிமையாளர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள், சாரதிகளுக்கும் நடத்துனர்களுக்கும் தனிக் கவலைகள் இருக்கின்றன. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்த மாற்றம் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதனால் சிக்கலான இடங்களைத் தாண்டிப் போகாமல் அங்கேயே நின்று எழுதியிருக்கிறேன்.

இது கொழும்புக்குத்தானே பொருத்தம்? எங்கள் ஊருக்கு எதற்கு?

கொழும்பைவிட, கண்டியைவிட, எங்கள் ஊருக்குத்தான் இது சுலபமாகப் பொருந்தும். மின்சாரப் பஸ்ஸின் பற்றரியை வேகமாகக் கரைப்பது மலையேற்றம். எங்கள் கரையோரம் கடல் மட்டத்தோடு ஒட்டிய சமதரை. கல்லடிப் பாலத்தில் ஏறி இறங்குவதுதான் நாங்கள் காணும் மேடு. அடுத்தது, எங்கள் ஊர்கள் ஒரே வீதியில் கோத்த மணிகளைப் போல் இருக்கின்றன. வடக்கே செங்கலடி, ஏறாவூர், தன்னாமுனை, ஊறணி. தெற்கே கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி என்று கல்முனை வரை வரிசையாக வருகின்றன. நகரத்திலிருந்து கல்முனை சுமார் 40 கிலோமீற்றர், ஏறாவூர் அதில் பாதிக்கும் குறைவு. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் இந்த வீதியில் வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் எல்லோரும் ஏறுவது ஒரே பஸ்ஸில். தூரம் குறைவு, தரை மட்டம், ஆள் நிறைய. மின்சாரப் பஸ்ஸுக்கு இதைவிட நல்ல வீதி கிடைப்பது அரிது.

இன்னொரு காரணத்தை 2022 இல் நாம் எல்லோரும் வாழ்ந்து பார்த்தோம். அந்த ஜூன் மாதம் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவுக்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. எரிபொருள் நிலையத்தில் பஸ்கள் இரவு பகலாக வரிசையில் நின்றன, வீதியில் ஓடவில்லை. டொலர் இல்லாத நாளில் டீசல் கப்பல் வராது. நீர், காற்று, வெயில் ஆகியவற்றிலிருந்து வரும் மின்சாரத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது.

இலங்கையில் மின்சாரப் பஸ் ஓடியதே இல்லையே?

ஓடியிருக்கிறது. 1953 முதல் 1964 வரை கொழும்பில் மேலே கம்பியில் தொட்டுக்கொண்டு ஓடும் ட்ரொலி பஸ்கள் இருந்தன. அவற்றுக்குப் பற்றரி இல்லை, ஆனால் அவையும் மின்சாரப் பஸ்கள்தாம். இன்று சீனாவின் ஷென்சென் நகரம் 2017 முடிவுக்குள் தனது 16,000க்கும் மேற்பட்ட பஸ்களை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் சென்னை: 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. வெயிலும் ஈரமும் உப்புக்காற்றும் நமக்கு உள்ளதுபோலவே உள்ள கரையோர நகரம் அது. நம்மவர்கள் போய்ப் பார்த்துவர வேண்டிய இடம் அதுதான்.

ஒருமுறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் ஓடும்?

ஒன்பது மீற்றர் நீளமுள்ள பஸ் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு அலகு (ஒரு கிலோவாட் மணி) மின்சாரம் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டி ஓடினால் கொஞ்சம் கூடும், கூட்டம் குறைந்தால் கொஞ்சம் குறையும். பற்றரியில் 160 அலகு இருந்தால் அதை முழுதும் வடிக்காமல் 130 கிலோமீற்றர் தாராளமாக ஓடலாம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போய்வந்து, ஏறாவூருக்கும் ஒருமுறை போய்வந்தால்கூட அதற்குள் அடங்கிவிடும். பெரிய பற்றரி போட்டால் ஒரே சார்ஜில் 200 கிலோமீற்றருக்கு மேலும் ஓடும். ஆனால் பற்றரிதான் பஸ்ஸின் மிக விலையான பாகம், பாரமும் அதற்குத்தான். நடுவில் ஒருமுறை சார்ஜ் செய்ய வழியிருக்கும்போது பெரிய பற்றரியைச் சுமந்து திரிவது வீண்செலவு.

மின்சாரமும் நிலக்கரியில்தானே வருகிறது? பிறகு என்ன இலாபம்?

நியாயமான கேள்வி. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி ஆலை இருக்கிறது, நாட்டின் மின்சாரத்தில் கணிசமான பங்கு அங்கிருந்து வருகிறது. ஆனால் நீர்மின்சாரத்தின் பங்கும் பெரியது, சூரிய மின்சாரம் வேகமாகக் கூடுகிறது. 2030க்குள் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் கொள்கை. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொக்சைட் வெளியேறும். இன்று வாங்கும் டீசல் பஸ் பதினைந்து வருடத்துக்குப் பிறகும் அதே அளவைத்தான் வெளியேற்றும். மின்சாரப் பஸ் அப்படியல்ல. நாட்டின் மின்சாரம் சுத்தமாக ஆக, அதுவும் சேர்ந்து சுத்தமாகும்.

காபன் கணக்கைவிட எனக்கு நெருக்கமானது பஸ் நிலையத்துப் புகை. புறப்பட நேரம் இருந்தும் இன்ஜினை நிறுத்தாமல், ஆள் சேர்ப்பதற்காக ஓரடி முன்னே, ஓரடி பின்னே என்று உறுமிக்கொண்டு நிற்கும் பஸ்களை எல்லோரும் அறிவோம். அதன் பின்பக்கத்தில் மருந்துச் சீட்டோடு நிற்கிற வயதானவர், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிற தாய், கச்சான் விற்கிறவர் எல்லோரும் அந்தக் கரும்புகையைத்தான் மூச்சாக இழுக்கிறார்கள். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் உறுதியாக வகைப்படுத்தியது. மின்சாரம் எங்கே பிறந்தாலும், நிற்கும் மின்சாரப் பஸ்ஸின் பின்னால் புகை இல்லை. நாளை காலையிலேயே கிடைக்கக்கூடிய நன்மை இது.

எந்த நேரத்தில் சார்ஜ் செய்வது? வீட்டுக்கு மின்சாரம் குறைந்துவிடாதா?

நேரத்தைச் சரியாகப் பிடித்தால் குறையாது. பிழையாகப் பிடித்தால் எல்லோருக்கும் நட்டம். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாட்டில் மின்சாரம் மிகவும் நெருக்கடியாக இருப்பது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. தொழில்முறை இணைப்புகளுக்கு அந்த நான்கு மணித்தியாலம் அதிகக் கட்டணம், 10.30க்குப் பிறகு காலை 5.30 வரை குறைந்த கட்டணம். கடைசிப் பயணம் முடித்து எட்டு மணிக்கு டிப்போவுக்குள் வரும் பஸ்ஸை உடனே சார்ஜரில் செருகினால் மிக விலையான மின்சாரத்தை, வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஓடும் நேரத்தில் எடுத்ததாகிவிடும். 10.30 வரை பொறுத்திருந்து செருக வேண்டும். அதிலிருந்து காலை ஐந்து மணி வரை ஆறரை மணித்தியாலம் இருக்கிறது. ஒரு பஸ்ஸுக்கு 30 கிலோவாட் சார்ஜர் இருந்தாலே அந்த நேரத்தில் 195 அலகு ஏறிவிடும். பெரிய வேகச் சார்ஜர் எல்லாப் பஸ்ஸுக்கும் தேவையே இல்லை.

பகலில்தான் நம்மிடம் அருமையான வாய்ப்பு இருக்கிறது. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது கூரைச் சூரிய மின்கலங்களைப் பகல் நேரத்தில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகள் மூடியிருக்க, வெயிலில் மின்சாரம் மிஞ்சி, வலையமைப்பின் சமநிலை குலையும் நிலை வந்ததுதான் காரணம். அதாவது நண்பகலில் நம்மிடம் மின்சாரம் மிஞ்சுகிறது, அதை எடுக்க ஆள் இல்லை. வவுணதீவிலேயே சூரிய மின்நிலையம் இருக்கிறது.

இப்போது பஸ்ஸின் நாளைப் பாருங்கள். காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை பள்ளிக் கூட்டம், கந்தோர்க் கூட்டம். ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் மறுபடி நெருக்கம். இடையில், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை பாதிப் பஸ்கள் பாதி ஆட்களோடுதான் ஓடுகின்றன. வெயில் உச்சத்தில் நிற்கும் நேரமும் பஸ் காலியாக ஓடும் நேரமும் ஒன்றாக விழுகின்றன. அந்த மூன்று மணித்தியாலத்தில் பஸ்களை முறைவைத்து டிப்போவுக்குள் எடுத்து மிஞ்சும் மின்சாரத்தை ஏற்றலாம். சாரதிக்கும் நடத்துனருக்கும் நிம்மதியாகச் சாப்பிட நேரமும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் கூட்டம் குறைவதையும் அட்டவணையில் சேர்க்கலாம். இருபது பஸ் நாளுக்கு 200 கிலோமீற்றர் ஓடினால் தேவைப்படுவது ஏறத்தாழ 4,000 அலகு. டிப்போக் கூரையிலும் அரச கட்டடக் கூரைகளிலும் சேர்த்து ஒரு மெகாவாட் அளவு சூரியத் தகடுகள் போட்டால் நல்ல வெயில் நாளில் கிட்டத்தட்ட அவ்வளவும் வரும்.

செலவுக் கணக்கு என்ன?

உங்கள் சொந்த எண்களைப் போட்டுப் பார்க்க வசதியாக ஒரு மாதிரிக் கணக்கு. டீசல் லீற்றர் 280 ரூபா, பஸ் லீற்றருக்கு மூன்றரை கிலோமீற்றர் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால் கிலோமீற்றருக்கு 80 ரூபா. மின்சாரம் அலகு 40 ரூபா, சார்ஜ் ஆகும்போது பத்து வீதம் விரயம் என்று வைத்தால் கிலோமீற்றருக்கு 44 ரூபா. மிச்சம் 36 ரூபா. நாளுக்கு 200 கிலோமீற்றர் ஓடும் பஸ்ஸுக்கு 7,200 ரூபா. வருடத்தில் 300 நாள் ஓடினால் 21 இலட்சத்து 60 ஆயிரம். இன்ஜின் ஒயில், கிளச், கியர்பொக்ஸ் செலவு கிடையாது. பிரேக் அமுக்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பிப் பற்றரிக்குக் கொடுப்பதால் பிரேக் கட்டைகளும் அதிக நாள் நிற்கும்.

மறுபக்கம், பஸ்ஸின் விலை டீசல் பஸ்ஸின் விலையைப் போல் இரண்டு மடங்கு, சில ரகங்கள் மூன்று மடங்கு. ஆகவே நிறைய ஓடும் பஸ்ஸுக்குத்தான் இது கட்டும். நாளுக்கு 60 கிலோமீற்றர் மட்டும் ஓடும் பஸ்ஸை மின்சாரத்துக்கு மாற்றினால் மிச்சத்தில் கடனைக் கட்டி முடிக்க முடியாது. இதை யாரும் உரிமையாளர்களிடம் மறைக்கக் கூடாது.

ஒரே ஒரு பஸ் வைத்திருக்கும் உரிமையாளர் எப்படி வாங்குவார்?

தனியாக வாங்க முடியாது. முழு விடயத்திலும் கடினமான கேள்வி இதுதான். பற்றரிக்கும் சார்ஜருக்கும் தீர்வு உலகத்தில் வந்துவிட்டது. நம் தனியார் பஸ் முறைக்குத் தீர்வை நாம்தான் காண வேண்டும்.

இன்றைய நிலை இப்படி. ஒருவருக்கு ஒரு பஸ், ஒரு வழித்தட அனுமதிப்பத்திரம், லீசிங் கட்டணம் மாதாமாதம். சாரதிக்கும் நடத்துனருக்கும் அன்றைய கலெக்ஷனிலிருந்து சம்பளம். ஆகவே ஒவ்வொரு பஸ்ஸும் முன்னால் போகும் பஸ்ஸின் பயணியைப் பறிக்க வேண்டியிருக்கிறது. தரிப்பிடத்தில் நின்று நின்று ஆள் சேர்ப்பது, பின்னால் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் தெரிந்ததும் காற்றாய்ப் பறப்பது எல்லாம் அந்தச் சம்பள முறையின் விளைவு. சாரதியைத் திட்டிப் பயனில்லை. இப்படிப்பட்ட முறைக்குள் பகல் மூன்று மணித்தியாலம் பஸ்ஸை சார்ஜுக்கு நிறுத்து என்றால் எந்த உரிமையாளர் சம்மதிப்பார்? அவர் நிறுத்தும் நேரத்தில் மற்றவர் அந்தக் கலெக்ஷனை எடுத்துவிடுவார்.

நான் சரியென்று நம்பும் வழி இது. ஒரு வழித்தடத்திலுள்ள உரிமையாளர்கள் தங்கள் அனுமதிப்பத்திரங்களைச் சேர்த்து ஒரு கூட்டுறவோ நிறுவனமோ அமைக்க வேண்டும். கலெக்ஷன் முழுதும் ஒரே கணக்கில் விழ வேண்டும். பஸ்ஸுக்கு, அது ஓடிய கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று கொடுப்பனவு. சாரதிக்கும் நடத்துனருக்கும் மாதச் சம்பளம், சேமலாப நிதி. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கிலோமீற்றர் பணம் வருவதால் பறப்பதற்கும் உறுமுவதற்கும் காரணம் இல்லாமல் போகும். சென்னையின் புதிய பஸ்கள் கிலோமீற்றர் அடிப்படையில்தான் ஓடுகின்றன: தனியார் நிறுவனம் பஸ்ஸையும் சாரதியையும் தருகிறது, நடத்துனரும் டிக்கெட் பணமும் போக்குவரத்துக் கழகத்துக்கு. அதே அச்சில் இங்கும் செய்ய வேண்டியதில்லை. நம் சிறு உரிமையாளர்களை ஒதுக்கிவிட்டு வெளியிலிருந்து ஒரு பெரிய நிறுவனத்தைக் கொண்டுவருவதை நான் எதிர்க்கிறேன். இந்த வீதியில் யுத்த காலத்திலும் ஆழிப்பேரலைக்குப் பிறகும் பஸ் ஓட்டியவர்களுக்குப் புதிய சேவையில் பங்கு இருக்க வேண்டும்.

சேர்ந்து நின்றால்தான் வங்கியும் பேசும். பற்றரியைத் தனியாக வாடகைக்கு எடுத்து, பஸ்ஸின் உடலுக்கு மட்டும் கடன் எடுப்பது இன்னொரு வழி. தொடக்க விலையின் பாரம் அதில் பெருமளவு இறங்கும்.

டிக்கெட் விலை கூடுமா?

கூட்டக் கூடாது. டீசல் விலை ஏறி இறங்கும்போதெல்லாம் கட்டணம் ஆடுவதுதான் இதனால் நிற்கும். மாணவர்களின் சீசன் டிக்கெட் இன்று இ.போ.ச. பஸ்ஸில் மட்டும்தான் செல்லும். கூட்டு சேவையில் அதை எல்லாப் பஸ்ஸிலும் ஏற்க வேண்டும்.

மாரியில் வெள்ளம் வந்தால்?

கார்த்திகை, மார்கழியில் எங்கள் வீதிகளில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. மோட்டாரும் பற்றரிப் பெட்டியும் நீர் புகாதபடி மூடப்பட்டே வருகின்றன. மழையில் ஓடுவதில் ஆபத்து இல்லை, தேங்கிய நீரில் மெதுவாகப் போகலாம். எவ்வளவு ஆழம் வரை என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுப்பார். அந்த எண்ணைக் கேட்டு வாங்காமல் ஒப்பந்தம் போடக் கூடாது. வலையிறவுப் பக்கம் வீதிக்கு மேலால் நீர் பாயும் நாளில் எந்தப் பஸ்ஸும் போகக் கூடாது, டீசலானாலும்தான்.

வெள்ளத்தைவிட எனக்குப் பயம் உப்பு. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கும் இந்த மணல் திட்டில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். மின்சாரப் பஸ்ஸின் அடியில் ஓடும் செம்மஞ்சள் நிற உயர் அழுத்தக் கம்பிகளின் இணைப்பு முனைகளை மாதாமாதம் திறந்து பார்க்க வேண்டும், அடிச்சட்டத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். டிப்போவை மேடான இடத்தில் அமைக்க வேண்டும். சார்ஜர்கள் 2024 நவம்பர் வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். புயலில் மின்சாரம் போகும் நாட்களுக்காக, தொடக்க வருடங்களில் நாலில் ஒரு பங்கு டீசல் பஸ்ஸை வைத்திருப்பது புத்தி.

தீப்பிடிக்கும் என்கிறார்களே?

பஸ்களில் பெரும்பாலும் பயன்படுவது இரும்புப் பொஸ்பேற்று வகைப் பற்றரி. கைத்தொலைபேசியில் உள்ள வகையைவிட இது சூட்டைத் தாங்கும். ஆபத்து முழுதாக இல்லையென்று சொல்லமாட்டேன்: பற்றரி பற்றினால் அணைப்பது கடினம், நிறையத் தண்ணீர் வேண்டும். பஸ் வருவதற்கு முன்பே மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

வயதானவர்கள் ஏற முடியுமா? மூட்டை முடிச்சு எங்கே வைப்பது?

இரண்டுக்கும் ஒரே பஸ்ஸில் விடை காண்பது கடினம். இன்றைய பஸ்ஸின் முதல் படி முழங்காலுக்கு மேலே நிற்கிறது. சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கம்பியைத் தேடி, பின்னால் ஒருவர் தாங்கிப் பிடிக்க ஏறும் பாட்டிமாரை நாளாந்தம் காண்கிறோம். தாழ்தளப் பஸ்ஸில் நடைபாதையிலிருந்து ஒரே எட்டில் ஏறலாம், சக்கர நாற்காலியும் போகும். ஆனால் அதில் சாமான் வைக்கப் பின்பெட்டி இருக்காது. தயிர்ச் சட்டியும் மரக்கறி மூட்டையும் நெல் உரமும் வரும் வழித்தடங்களுக்கு அது ஒத்துவராது. நகரத்தின் பிரதான வீதிக்குத் தாழ்தளம், கிராமத்து வழிகளுக்குப் பெட்டியுள்ள உயரமான பஸ் என்று பிரித்து வாங்குவதே சரி.

சத்தமே இல்லாமல் வந்தால் விபத்து ஆகாதா?

மெதுவாக ஓடும்போது ஒலி எழுப்பும் கருவி பொருத்தப்பட்ட பஸ்ஸையே வாங்க வேண்டும். இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்கு எந்தப் பஸ்ஸும் ஒன்றுதான். அதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பது.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு இதனால் என்ன?

கவனிக்காவிட்டால் ஒன்றும் இல்லை. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்தார்கள். பாலம் வந்தது, வேண்டிய அளவு பஸ் வரவில்லை. பின்னேரத்துக்குப் பிறகு திரும்பிப் போக வழியில்லாததால் மேலதிக வகுப்பை விட்டுவிட்டுப் போகும் மாணவிகள் இருக்கிறார்கள். ஆள் குறைந்த வழித்தடத்துக்குக் கலெக்ஷனை நம்பி எவரும் பஸ் விடமாட்டார். கிலோமீற்றர் கொடுப்பனவு முறையில் மட்டும்தான், பிரதான வீதியில் வரும் மிச்சத்தைக் கொண்டு வவுணதீவுக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் வெல்லாவெளிக்கும் பஸ் விட முடியும். கடைசிப் பஸ் இரவு எட்டு மணிக்குப் பிறகு புறப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

கராஜ் வேலை செய்பவர்களின் பிழைப்பு?

இன்ஜின் வேலை குறையும். டயர், சஸ்பென்ஷன், பொடி, குளிரூட்டி வேலை அப்படியே இருக்கும். உயர் அழுத்த மின்சாரம் கைபடும் வேலை என்பதால் பயிற்சி இல்லாமல் யாரும் தொடக் கூடாது. மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் இதற்கான பாடத்தை முதல் பஸ் இறங்குவதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்க வேண்டும். இப்போது கராஜில் இருப்பவர்களுக்கு முதல் இடம் கொடுக்க வேண்டும்.

இருக்கும் டீசல் பஸ்ஸையே மாற்றிக்கொள்ள முடியாதா?

தொழில்நுட்ப ரீதியில் முடியும். ஆனால் பற்றரியின் விலை குறையப்போவதில்லை, உப்பில் ஊறிய பழைய சட்டத்தில் அந்தப் பாரத்தை ஏற்றுவது பாதுகாப்பும் இல்லை. ஐந்து வருடத்துக்குட்பட்ட, அடிச்சட்டம் பரிசோதிக்கப்பட்ட பஸ்ஸுக்கு மட்டும் யோசிக்கலாம்.

மாமாங்கத் தீர்த்தம், கொக்கட்டிச்சோலைத் தேர் போன்ற நாட்களில்?

ஆடி அமாவாசையில் மாமாங்கத்துக்கு வரும் கூட்டத்துக்கு எந்த அட்டவணையும் போதாது. அந்த நாட்களில் வேகச் சார்ஜர் இரண்டு இருந்தால் பஸ் 45 நிமிடத்தில் மீண்டும் வீதிக்கு வரும். ஒதுக்கி வைத்த டீசல் பஸ்களும் அன்றைக்கு ஓடட்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

செங்கலடியிலிருந்து நகரம் ஊடாகக் களுவாஞ்சிக்குடி வரை. இருபது பஸ், நகருக்கு அருகே ஒரு டிப்போ, களுவாஞ்சிக்குடியில் ஒரு வேகச் சார்ஜர். இ.போ.ச. பஸ்ஸுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் ஒரே நேர அட்டவணை, பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். அட்டவணையைப் பஸ் வாங்கும் வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. இருக்கும் டீசல் பஸ்களைக் கொண்டே அடுத்த மாதம் தொடங்கலாம். மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையும் இ.போ.ச.வும் உரிமையாளர் சங்கங்களும் ஒரே மேசையில் இருந்தால் அதற்குப் பணம்கூடத் தேவையில்லை. கலெக்ஷனை ஒன்றாக்கி ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு, ஒவ்வொரு நேரத்திலும் எத்தனை ஆள் ஏறுகிறார்கள் என்ற கணக்கு கையில் இருக்கும். எந்த அளவு பஸ், எத்தனை அலகுப் பற்றரி என்று கேள்விப்பத்திரம் கோருவதை அந்தக் கணக்கை வைத்தே செய்ய வேண்டும்.